குறியாக்கமா, மறைகுறியாக்கமா?

'என்கிரிப்ஷன்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதே கேள்வி; அதற்கு முன் ஒரு பழைய சொல்லில் இருந்து தொடங்குவோம். மட்டக்களப்பில் வீட்டுத் தொலைபேசி இலக்கம் சொல்லும்போது 'சைபர் ஆறு அஞ்சு' என்று தொடங்குவோம். கல்முனைக்காரர் 'சைபர் ஆறு ஏழு' என்பார், அம்பாறை நகரத்தவர் 'சைபர் ஆறு மூன்று' என்பார். பூச்சியத்துக்கு நாம் வைத்திருக்கும் இந்தச் சைபர் 'ஸிப்ர்' என்ற அரபுச் சொல். ஐரோப்பாவைச் சுற்றி ஆங்கிலம் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தது. காத்தான்குடியிலோ அக்கரைப்பற்றிலோ மதரஸாவில் அரபு படித்த பிள்ளைக்கு இதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. வடமொழியின் 'சூன்யம்' என்பதற்கு ஈடாக அரபியர் வைத்துக்கொண்ட சொல் அது. இந்திய எண்கள் அரபியர் வழியாக ஐரோப்பாவுக்குப் போனபோது அங்கே பலருக்கு அவை விளங்காத கீறல்களாக இருந்தன. ஆகவே முதலில் பூச்சியத்துக்கு, அப்புறம் எல்லா இலக்கங்களுக்கும், கடைசியில் இரகசிய எழுத்துக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

'சைபர் குற்றம்' என்பதில் வரும் சைபர் வேறு. கப்பலில் சுக்கான் பிடிப்பவரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் இருந்து அது கிளைத்தது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. 'சைபர் பாதுகாப்பு' என்றால் பூச்சியப் பாதுகாப்புத்தானே என்று பகிடி விடலாம், சில வேளை அது உண்மையாகவும் இருக்கிறது.

சரி, வாட்ஸ்அப்பில் பூட்டுப் படத்தோடு வரும் அறிவிப்பு பேசுகிற 'என்கிரிப்ஷன்' எங்கிருந்து வந்தது? 'கிரிப்டோஸ்' என்றால் கிரேக்கத்தில் மறைந்தது. பழைய தேவாலயங்களின் அடியில் இருக்கும் நிலவறைக்கு ஆங்கிலத்தில் உள்ள 'கிரிப்ட்' என்ற பெயரும் அதே வேர்தான். அதன் முன்னால் 'உள்ளே' என்ற பொருள் தரும் ஒட்டைச் சேர்த்து, 20ஆம் நூற்றாண்டில் புழக்கத்துக்கு வந்த சொல் இது. ஒரு செய்தியை, திறப்பு (சாவி) வைத்திருப்பவர் தவிர வேறு எவரும் வாசிக்க முடியாதபடி கணக்கால் மாற்றிவிடுவதுதான் பொருள்.

தமிழில் இதற்குக் 'குறியாக்கம்' என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, 'மறைகுறியாக்கம்' என்பதே பொருத்தம் என்பேன். எழுத்தைக் கணினிக்கு ஏற்ற எண்ணாக மாற்றுவதற்கும் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். எழுத்துக்களுக்கு எண் கொடுக்கும் பொது அட்டவணையான யூனிகோட்டில் 'அ' என்ற எழுத்தின் எண் 2949. அது உலகத்துக்கே தெரியும், ஒளிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய கடிதம் ஒன்றை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து பாருங்கள். ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளுமாகக் குப்பை போலத் தெரியும். பார்க்க இரகசியம் போல இருந்தாலும், பாமினியைப் போட்டுக்கொண்ட எவரும் அதை வாசித்துவிடலாம். அது குறியாக்கம். அதை நம்பி வங்கிக் கணக்கு விபரம் அனுப்ப முடியாது.

இன்னொரு பக்கம் குழூஉக்குறி இருக்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பர், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பர் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதுதான். ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொரு சொல். போர்க்காலத்தில் இந்தப் பக்கத்தில் தொலைபேசியில் எவரும் எதையும் நேராகச் சொன்னதில்லை. 'பெடியன்கள்' யார், 'அவங்கள்' யார் என்பது பேசுபவருக்கும் கேட்பவருக்கும் விளங்கும். ஒட்டுக்கேட்பவருக்கும் விளங்கியது என்பதுதான் அதன் பலவீனம். குழூஉக்குறி குழுவோடு பழகியவருக்கெல்லாம் திறந்துவிடும்.

மறைகுறியாக்கம் இந்த இரண்டிலும் சேராது. மாற்றும் முறையை ஊருக்கே சொல்லலாம், திறப்பை மட்டும் ஒளித்தால் போதும் என்ற விதியை 1883இல் எழுதிவைத்தவர் கெர்க்ஹொஃப்ஸ் என்ற டச்சுக்காரர். இன்றைக்குப் போன்களில் இயங்கும் முறைகளும் வெளியே அச்சாகிக் கிடப்பவைதான். 128 பிட் (0, 1 என்ற 128 இலக்கங்களால் ஆன) திறப்பு ஒன்றை ஊகிக்கப் பார்த்தால், சோதிக்க வேண்டிய திறப்புகளின் எண்ணிக்கை 39 இலக்கங்கள் கொண்டது. ஆகவே சொல்லுக்குள் 'மறை' இருந்தே ஆகவேண்டும்.

'மறை' என்றால் வேதம் என்றல்லவா எண்ணுவார்கள் என்று ஒரு தடை சொல்லப்படுவதுண்டு. முஸ்லிம்கள் குர்ஆனைத் திருமறை என்கிறார்கள், கத்தோலிக்கருக்கு மட்டக்களப்பு ஒரு மறைமாவட்டம். இருக்கட்டும். கேட்ட மறையைப் பிறரிடம் கொண்டுபோய்ச் சொல்லும் கயவர் அடிக்கப்படும் பறை போன்றவர் என்று வள்ளுவர் சொல்லும் இடத்தில் மறை என்றால் இரகசியம் தவிர வேறில்லை. 'மறையாக்கம்' என்று சுருக்குவோரையும் குறைசொல்ல மாட்டேன். ஆனால் குறிகளை மாற்றுகிறோம் என்பதும் தெரியவேண்டும் என்பதால் மறைகுறியாக்கத்தையே விரும்புகிறேன். வாயில் நுழைய ஒள்ளுப்பம் கஷ்டம்தான்.

மறுகா, திறப்பு. இந்தியத் தமிழில் இது சாவி, போர்த்துக்கீசர் விட்டுப்போன சொல். 1628இல் மட்டக்களப்பில் கோட்டை கட்டியவர்களும் அவர்களே, அவர்களுடைய மொழியின் மிச்சத்தைப் பேசும் பறங்கியர் இன்னும் இங்கே இருக்கிறார்கள், இருந்தும் நாம் திறப்பு என்றே சொல்கிறோம். 1976இல் டிஃபி, ஹெல்மன் என்ற இருவர் வெளியிட்ட கருத்தின்படி ஒருவருக்கு இரண்டு திறப்புகள். ஊருக்குக் கொடுப்பது ஒன்று, தன்னிடமே வைத்துக்கொள்வது மற்றது. முதலாவதைப் 'பொதுத் திறப்பு' என்றால் அமைச்சர் வந்து நாடா வெட்டப் போகிறார் போல ஒலிக்கிறது. அதனால் கட்டுரைகளில் 'பொதுத் திறவி', 'தனித் திறவி' என்று எழுதுவது நல்லது.

அரசுகளோடு நடக்கும் சண்டை முழுவதும் இந்தத் திறவியைப் பற்றியதே. 1993இல் அமெரிக்க அரசு 'கிளிப்பர்' என்ற கணினிச் சில்லு (சிப்) ஒன்றைக் கொண்டுவந்தது. பேச்சு மறைகுறியாகும், ஆனால் திறவியின் பிரதி அரசின் பொறுப்பில் இருக்கும். அடுத்த ஆண்டே மாற் பிளேஸ் என்ற ஆய்வாளர் அதில் ஓட்டை இருப்பதைக் காட்டினார், திட்டம் படுத்துவிட்டது. 2015 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் 14 பேர் கொல்லப்பட்ட பிறகு, தாக்குதல் நடத்தியவரின் ஐபோனைத் திறக்க எப்.பி.ஐ அப்பிளிடம் உதவி கேட்டது. பிழையான கடவு எண்ணைப் பல தடவை போட்டால் தரவு அழியும் ஏற்பாட்டை நிறுத்தும் மென்பொருளை எழுதித் தரச்சொல்லி 2016 பெப்ரவரியில் நீதிமன்றக் கட்டளையும் வந்தது. கட்டளைக்கு அடிப்படை 1789ஆம் ஆண்டுச் சட்டம்! அப்பிள் மறுத்தது. மார்ச் மாதம் வேறு ஒரு தரப்பின் உதவியால் போன் திறபட, வழக்கை எப்.பி.ஐ கைவிட்டது.

அரசின் கேள்வி நியாயமற்றது என்று நான் சொல்லவில்லை. சிறுவர் துஷ்பிரயோக வழக்கில், போதைப்பொருள் வழக்கில், நீதவானின் அனுமதியோடு ஒரு போனுக்குள் பார்க்கக் கேட்பது பொலிஸின் வேலை. சிக்கல் அதற்காகப் போடச் சொல்லும் பின்கதவில், அதாவது பூட்டைத் தாண்டிப் போக வைக்கும் தனி வழியில், இருக்கிறது. கிரேக்கத்தில் 2004, 2005 காலப்பகுதியில் ஒரு தொலைபேசி வலையமைப்பில் சட்டபூர்வ ஒட்டுக்கேட்புக்கென இருந்த வசதிக்குள் யாரோ புகுந்து, பிரதமரின் கைபேசி உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட இலக்கங்களை மாதக்கணக்கில் கேட்டிருக்கிறார்கள். அரசுக்கென்று வைத்த வாசலால் வேறு ஆட்கள் வந்து அந்த அரசின் தலைவரையே ஒட்டுக்கேட்டார்கள். 2025இல் பிரித்தானியா இதே போன்ற வாசல் கேட்டபோது, இணையத்தில் கோப்புகளை வைக்கும் மேகச் சேமிப்புக்கான கூடுதல் மறைகுறியாக்க வசதியை அந்த நாட்டில் அப்பிள் விலக்கிக்கொண்டது.

நம் நாட்டு அனுபவம் வேறு மாதிரி. 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரத்து முஸ்லிம் உணவகம் ஒன்றில் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்ததாக வதந்தி கிளம்பி, கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது மாவுக் கட்டிதான் என்று அரச பகுப்பாய்வாளர் பிறகு சொன்னார். வதந்திக்கு உரம் போட்ட வீடியோ பேஸ்புக்கில் எல்லோர் கண்ணுக்கும் தெரியத்தான் ஓடியது. மார்ச்சில் கண்டிப் பக்கத்துத் திகனவில் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த கலவரத்தோடு பேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் எல்லாம் முடக்கப்பட்டன. 2019 ஏப்ரல் 21இல் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும் கொழும்பிலும் நீர்கொழும்பிலும் குண்டு வெடித்த பிறகும் அதே முடக்கம். அந்தத் தாக்குதல் பற்றிய எச்சரிக்கை முன்கூட்டியே கையில் கிடைத்திருந்தும் நடவடிக்கை எடுக்கப்படவில்லை என்பதை 2023இல் உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆகவே 'மறைகுறியாக்கம் இருப்பதால் தடுக்க முடியவில்லை' என்று எவராவது சொன்னால், மட்டக்களப்பில் இருந்துகொண்டு அதை அப்படியே விழுங்குவது கடினம்.

இலங்கையின் 1978 அரசியலமைப்பில் அந்தரங்க உரிமை வெளிப்படையாக எழுதப்படவில்லை. 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2007ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டம், நீதவானின் கட்டளையோடு தகவல் தொடர்பை இடைமறிக்கவும், சந்தாதாரர் விபரத்தையும் போக்குவரத்துத் தரவையும் பெறவும் இடம் தருகிறது. இந்தப் 'போக்குவரத்துத் தரவு' பஸ் பற்றியதல்ல. யார் யாரோடு, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்ற கணக்கு. நீங்கள் பேசியதை மறைகுறியாக்கம் மூடும், இந்தக் கணக்கை மூடாது. அதேபோல, சோதனையில் போனைத் திறந்து கொடுக்கச் சொல்லி, நீங்களே கடவு எண்ணைப் போட்டுக் கொடுத்துவிட்டால், 39 இலக்கக் கணக்கு எதற்கும் அங்கே வேலையில்லை.