அரிப்பு எப்போது தொடங்கியது?

எந்தச் செடி பட்டது என்று கேட்டால் பலருக்கும் பதில் தெரியாது. எப்போது அரிக்கத் தொடங்கியது என்று கேட்டால் எவரும் சொல்லிவிடுவர். மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் புல் வெட்டுவோருக்கும் ஆற்றோரத்தில் தூண்டில் போடுவோருக்கும், இலையின் வடிவத்தைவிட இந்த இரண்டாம் கேள்வியே பயன்படும் என்பது என் எண்ணம்.

தொட்ட கணமே நெருப்புப் பட்டது போல் எரிந்தால், மலாய்க்காரர்கள் ஜெலாத்தாங் என்று அழைக்கும் செடியைச் சந்தேகிக்கலாம். நம் பெரியவர்கள் இதையும் காஞ்சொறி என்றே அழைப்பதுண்டு. ஆனால் காஞ்சொறி ஆமணக்குக் குடும்பத்தது, ஜெலாத்தாங் வேறு குடும்பம். ஜெலாத்தாங்கின் இலையிலும் தண்டிலும் உள்ள ஒவ்வொரு கொட்டும் முடியும் ஓர் ஊசிக்குழல். கண்ணாடி போன்ற அதன் சிலிக்கா நுனி, விரல் பட்டதும் ஒடிந்து தோலில் இறங்க, அடியில் உள்ள பையிலிருந்து எரிச்சலூட்டும் நீர் உள்ளே பாய்கிறது.

பூனைக்காலியின் வேலை வேறு விதமானது. அதன் காயை மூடியிருக்கும் பழுப்புச் சுணையில் மியூக்குனைன் என்ற நொதி உள்ளது. புரதத்தை வெட்டும் இந்த நொதி, தோலில் உள்ள உணர்விகளைத் தூண்டி அரிப்பை எழுப்புகிறது என்பதை 2008ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. ஒவ்வாமையின்போது உடல் சுரக்கும் ஹிஸ்டமின் வழியாக எழாத அரிப்பு என்பதால், வழக்கமான ஒவ்வாமை மாத்திரை இதற்கு அவ்வளவாகக் கேட்பதில்லை. சுணையைத் தேய்க்காமல், ஒட்டும் டேப்பை அழுத்தி உரித்தெடுப்பதே நல்லது. செம்பனைக்கு இடையே மூடுபயிராகப் படரும் மூக்குனா இதன் உறவுக் கொடிதான் என்றாலும், தாழ்நிலத்தில் அது காய்ப்பது அரிது. ஆகவே அதன்மேல் வீண்பழி வேண்டாம். சேம்பு, கருணை ஆகியவற்றின் ஊசிப் படிகங்கள் தரும் நமைச்சலை நம் சமையலறைகள் நன்கு அறியும்.

இவை யாவும் உடனே தம்மைக் காட்டிக்கொடுப்பவை. ஒன்றிரண்டு நாள் கழித்துத் தோல் சிவந்து, கொப்பளித்து, இமை வீங்கினால் அப்போது நினைக்க வேண்டியது ரெங்காஸ் மரத்தை. இது மா, முந்திரி, சேங்கொட்டை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. இலையும் ஏறக்குறைய மாவிலை போலவே தடித்து, கிளை நுனியில் கொத்தாக நிற்கும். நம்பத்தகுந்த அடையாளம் இலையில் இல்லை, பட்டையில் இருக்கிறது: காயம்பட்ட இடத்தில் வழிந்த பிசின் காற்றுப் பட்டுக் கறுத்து, தார் ஒழுகியது போல் உறைந்திருக்கும்.

அந்தப் பிசினில் உள்ள எண்ணெய்ப்பசை தோலுக்குள் ஊறி, அங்குள்ள புரதங்களோடு பிணைந்துகொள்கிறது. உருமாறிய அப்புரதத்தை அந்நியம் என்று கருதி வெள்ளணுக்கள் தாக்குகின்றன. அவை திரண்டு வர நேரமாவதால்தான் இந்தத் தாமதம். முதன்முறை பட்டவருக்கு ஒன்றும் நேராமல் போகலாம். அந்த முறையில்தான் உடல் அதை அடையாளம் வைத்துக்கொள்கிறது. கொப்புள நீர் பட்டு நோய் படர்கிறது என்பதும் தவறு. பிசின் குறைவாகப் பட்ட இடமும் தோல் தடித்த இடமும் பிந்திக் கொப்பளிக்கின்றன, அவ்வளவே.

என் சித்தப்பா லயத்துக்குப் பின்னால் கால்வாயில் சாய்ந்து கிடந்த மரம் ஒன்றை வெட்டிவிட்டு, கிணற்றடியில் சோப்புப் போட்டுக் குளித்தும் மூன்றாம் நாள் முகம் வீங்கிக் கிடந்தார். தோட்டத்து மருந்தகத்தின் உதவியாளரான டிரஸ்ஸர் கொடுத்த களிம்பில் அது ஆறியது. பல வாரங்கள் கழித்து, வெறும் வாழைக்கன்றுகளை வெட்டிய மறுநாளே அவருடைய வலது உள்ளங்கை மட்டும் கொப்பளித்தது. வாழைக்கு அந்தக் குணம் கிடையாதே என்று வீட்டில் எல்லோரும் குழம்பினார்கள். பிறகு பாராங் கத்தியை எடுத்துப் பார்த்தபோது, மரப்பிடியின் இடுக்கில் அதே கறுப்புப் பிசின் காய்ந்து படிந்திருந்தது.