சிந்தும் கதிர் எங்கே விழுகிறது?

மூளைக் கட்டிக்குக் கதிர்வீச்சு சிகிச்சை என்றதும், எந்த முறை புதியது என்றுதான் பலரும் கேட்கிறார்கள். திட்டமிடும் மருத்துவ இயற்பியலாளர் கேட்பது வேறு. கட்டிக்குச் சேரவேண்டிய அளவை எந்த முறையிலும் பெரும்பாலும் சேர்த்துவிடலாம். வழியில் சிந்தும் கதிர் எங்கே விழும்?

கிளையோபிளாஸ்டோமா என்னும் மூர்க்கமான கட்டிக்கு வழக்கமாக 60 கிரே (உடல் வாங்கும் கதிர் அளவின் அலகு), 30 தவணைகளாக, ஆறு வாரங்களில் தரப்படுகிறது. பக்கத்திலேயே பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடம் இருக்கலாம். அதற்கு ஏறக்குறைய 55 கிரேயைத் தாண்டக்கூடாது. சிக்கல் இங்கேதான். எக்ஸ் கதிர் தலைக்குள் நுழைந்ததும் விரைவில் உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்லத் தேய்ந்தபடி மறுபக்கம் வெளியேறிவிடும், கட்டியோடு நிற்காது.

முப்பரிமாண முறையில் சில திசைகளிலிருந்து, கட்டியின் வெளிவடிவத்துக்கு ஏற்ப வெட்டிய கற்றைகள் பாய்கின்றன. கட்டி நரம்பை வளைத்துக்கொண்டு வளர்ந்திருந்தால் இது போதாது. கற்றையின் செறிவை மாற்றி மாற்றித் தரும் ஐ.எம்.ஆர்.டி. முறையில் கணக்கே தலைகீழ்: கட்டிக்கு இவ்வளவு வேண்டும், நரம்புக்கு இதற்குமேல் கூடாது என்று நாம் சொல்கிறோம், ஒவ்வொரு கற்றையின் வலுவும் இடத்துக்கு இடம் எப்படி மாறவேண்டும் என்பதைக் கணினி தேடிக் கண்டுபிடிக்கிறது. அதன் சுழலும் வடிவமான வி.மேட் முறையில் கருவி தலையைச் சுற்றியபடியே கதிரைச் செலுத்துகிறது. சிகிச்சை சில நிமிடங்களில் முடிந்துவிடுவதால் நோயாளி முகமூடிக்குள் அசையாமல் கிடக்கவேண்டிய நேரம் குறைகிறது. இது சின்ன லாபமல்ல.

ஆனால் நரம்பிலிருந்து விலக்கிய கதிர் மறைந்துபோவதில்லை. எல்லாத் திசைகளிலும் சிதறி, மூளையின் பெரும்பரப்பில் குறைந்த அளவில் படிகிறது.

இரண்டு திட்டங்களை ஒப்பிடும்போது திரையில் ஒரு வளைகோடு வரும். எந்த உறுப்பின் எத்தனை சதவீதம் எத்தனை கிரே வாங்குகிறது என்பதை அது காட்டும். வளைகோடு அழகாக இருந்தால் நிம்மதி அடைந்துவிடுவது எளிது. அதில் பெரிய ஆபத்து உண்டு. எவ்வளவு என்று சொல்லும் அந்தக் கோடு, எங்கே என்று சொல்லாது. நரம்பின் ஓரத்தில் ஒரு சிறு புள்ளி மட்டும் வரம்பு மீறியிருக்கலாம். அதனால் சி.டி. படங்களை ஒவ்வொரு அடுக்காக நகர்த்திப் பார்த்தே ஆகவேண்டும். எவ்வளவு அலுப்பான வேலையானாலும் இதை விட்டுவிடக்கூடாது என்பேன்.

எக்ஸ் கதிருக்குப் பதிலாகச் செலுத்தும் புரோட்டான் (அணுக்கருவில் உள்ள நேர்மின் துகள்) வேறு வகை. சக்தியின் பெரும்பகுதியைப் பயணத்தின் முடிவில் கொட்டிவிட்டு நின்றுவிடும்; கட்டிக்குப் பின்னால் ஏறக்குறைய ஒன்றும் போகாது. இதைச் சிகிச்சைக்குப் பயன்படுத்தலாம் என்று இயற்பியலாளர் ராபர்ட் வில்சன் 1946இலேயே எழுதினார். மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் குழந்தைக்கு, வாழ்நாள் நீண்டு கிடக்கும் அந்த உயிருக்கு, இந்த வேறுபாடு மிகப் பெரியது. ஆனாலும் கதிர் நிற்கும் இடத்தைக் கணிப்பதில் சில மில்லிமீட்டர் பிசகு வரலாம். எனவே மூச்சையும் இதயத்துடிப்பையும் ஆளும் மூளைத்தண்டுக்கு நேர் எதிரே போய் நிற்கும்படியான திசையைக் கூடியவரை தவிர்த்து, பக்கவாட்டுக் கோணங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.