தில்லிக் குளிர்: ஹீட்டரை எப்போது போடுவது?

கார்த்திகை பிறந்ததும் தில்லித் தமிழர் வீடுகளில், ரஜாய்களை (பஞ்சு அடைத்த கனத்த போர்வைகளை) வெயிலில் போட்டாயிற்றா என்ற கேள்விக்கு அடுத்தபடியாக, பரணில் கிடக்கும் ஹீட்டரை இறக்கலாமா என்ற கேள்வி எழும். பெரும்பாலோர் அதற்கான விடையைச் செய்தித்தாளில் வெளியாகும் குறைந்தபட்ச வெப்பநிலையில் தேடுகிறார்கள். அது 10 டிகிரிக்குக் கீழே இறங்கினால் போடலாம், அதுவரை ஸ்வெட்டரோடு சமாளிக்கலாம் என்பது பொதுவான வழக்கம். ஆனால் விடியற்காலையில் திறந்த வெளியில் பதிவாகும் அந்த எண்ணுக்கும், இரவு ஒன்பது மணிக்கு நம் படுக்கையறை எப்படி இருக்கும் என்பதற்கும் உள்ள தொடர்பு மிகவும் தளர்வானது. அறையின் நிலையைத் தீர்மானிப்பவை பகலின் அதிகபட்ச வெப்பநிலையும், அன்றும் முந்தைய இரண்டு நாட்களிலும் வெயில் அடித்ததா என்பதும்தான்.

இதற்குக் காரணம் சுவர். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் அடைபட்டிருக்கும் காற்றின் எடை ஏறக்குறைய 40 கிலோ. அதை 5 டிகிரி சூடாக்க ஆயிரம் வாட் ஹீட்டருக்கு மூன்று அல்லது நான்கு நிமிடம் போதும். ஆனால் தில்லியின் அரசுக் குடியிருப்புகளிலும் டிடிஏ (தில்லி வளர்ச்சி ஆணையம்) அடுக்ககங்களிலும் காணப்படும் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரில் ஒரு சதுர மீட்டர் மட்டுமே 400 கிலோ கனக்கும். வெளிச்சுவர், உட்சுவர்கள், தரை, மேல்தளம் எல்லாவற்றையும் சேர்த்தால், அவற்றை ஒரு டிகிரி உயர்த்த ஏறக்குறைய இரண்டரை யூனிட் மின்சாரத்துக்கு இணையான வெப்பம் தேவைப்படும். எனவே ஹீட்டரைப் போட்ட கால் மணி நேரத்தில் காற்று சூடாகிவிட்டாலும், அணைத்த சில நிமிடங்களில் அந்தச் சூடு காணாமல் போகிறது. குளிர்ந்த சுவர் அதை உறிஞ்சிக்கொள்கிறது.

சுவரின் குளிர்ச்சி நம் உடலையும் நேரடியாகத் தாக்குகிறது. அசையாத காற்றுள்ள அறையில் நாம் இழக்கும் வெப்பத்தில் பெரும்பங்கு அகச்சிவப்புக் கதிர்களாகச் சுற்றியுள்ள பரப்புகளைச் சென்றடைகிறது. உடல் உணரும் வெப்பநிலையைக் காற்றின் வெப்பநிலைக்கும் சுற்றுப் பரப்புகளின் வெப்பநிலைக்கும் ஏறக்குறைய நடுவில் இருப்பதாகக் கட்டட இயற்பியலில் கணக்கிடுகிறார்கள். காற்று 20 டிகிரியும் சுவர்கள் 14 டிகிரியும் இருந்தால் நாம் உணர்வது 17தான். கோவிட் காலத்தில் வாங்கி வைத்த நெற்றி வெப்பமானியில் பரப்புகளை அளக்கும் வசதி இருந்தால், அதைச் சுவருக்கு நேரே பிடித்துப் பார்க்கலாம். வெளிச்சுவருக்கும் உட்சுவருக்கும் இடையே பல டிகிரி வேறுபாடு தெரியும். கட்டிலை எந்தச் சுவரோரம் போட வேண்டும் என்பதையும் அந்த அளவே சொல்லிவிடும்.

இனி வரவு செலவுக் கணக்குக்கு வருவோம். நடுமாடியில் தெற்குப் பார்த்த அறை, ஒரு வெளிச்சுவர், இரண்டு சதுர மீட்டர் ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், இடுக்குகள் வழியே காற்று நுழையும் வழக்கமான மரக்கதவு என்று வைத்துக்கொண்டால், உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள ஒவ்வொரு டிகிரி வேறுபாட்டுக்கும் அந்த அறை ஏறக்குறைய 55 வாட் வெப்பத்தை இழக்கும். வரவுப் பக்கத்தில், ஓய்வாக இருக்கும் ஒரு மனித உடல் 100 வாட் அளவுக்கு வெப்பம் தருகிறது. ஆட்கள், விளக்கு, தொலைக்காட்சி ஆகிய எல்லாவற்றையும் நாள் முழுவதற்கும் சராசரியாக்கினால் 150 வாட் தேறும். தெற்கு ஜன்னல் வழியே வரும் வெயில், தெளிவான நாளில் இன்னொரு 150 வாட் சராசரியைச் சேர்க்கும். தில்லியில் டிசம்பர் 21 அன்று நண்பகலில் சூரியன் 38 டிகிரி உயரத்தில்தான் நிற்கிறது. அந்தச் சாய்வில், தரையிலிருந்து ஏழடி உயரமுள்ள ஜன்னலின் மேல்விளிம்பைக் கடந்துவரும் வெயில் அறைக்குள் ஒன்பதடி வரை வந்து விழும். ஆக மொத்த வரவு 300 வாட். அதை 55ஆல் வகுத்தால், ஹீட்டர் இல்லாமலேயே அறை வெளிச்சராசரியைவிட ஐந்தரை டிகிரி கூடுதலாக இருக்கும்.

இந்தக் கணக்கை இரண்டு நாட்களுக்குப் பொருத்திப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். மேற்கத்திய இடையூறு எனப்படும் மழை அமைப்பு கடந்துபோய், இமயத்துப் பனியைத் தொட்டு வரும் வடமேற்குக் காற்று வீசும் தெளிவான நாளில், குறைந்தபட்சம் 6, அதிகபட்சம் 22 என்று பதிவாகலாம். சராசரி 14, அறை 19 டிகிரிக்குச் சற்று மேலே. அடர்மூடுபனி பகல் முழுவதும் விலகாத நாளில் குறைந்தபட்சம் 8, அதிகபட்சம் 13 என்று இருக்கும், சராசரி 10.5. அன்று வெயில் வரவும் இல்லாததால் அறை 13 டிகிரிக்கு இறங்கிவிடும். செய்தித்தாளை மட்டும் பார்த்தால் இரண்டாவது நாளே இதமானது என்று தோன்றும், ஏனெனில் மூடுபனி நிலத்தின் வெப்பத்தை வானுக்குத் தப்பவிடாமல் தடுத்து இரவுக் குளிரைக் குறைக்கிறது. அதே மூடுபனி பகலில் வெயிலையும் தடுத்துவிடுவதால் வீட்டுக்குள் ஆறு டிகிரி நஷ்டம்.

இந்த வேறுபாட்டை இந்திய வானிலைத் துறை எப்போதோ தன் சொல்வழக்கில் பதிந்து வைத்திருக்கிறது. அதன் வரையறைப்படி 'குளிர் அலை' என்பது குறைந்தபட்ச வெப்பநிலையைப் பொறுத்தது. 'குளிர் நாள்' என்பது, குறைந்தபட்சம் 10 டிகிரிக்கு மிகாமல் இருக்க, அதிகபட்சம் இயல்பைவிட 4.5 டிகிரி அல்லது அதற்கு மேல் தாழ்ந்திருப்பது. நாளிதழ்த் தலைப்புகள் குளிர் அலையைத்தான் கொண்டாடும். ஹீட்டர் விஷயத்தில் கவனிக்க வேண்டியது குளிர் நாள் அறிவிப்பே. 2019 டிசம்பர் 30 அன்று தில்லியின் சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் பகல் அதிகபட்சமே 9.4 டிகிரியைத் தாண்டவில்லை. 1901 முதல் உள்ள பதிவுகளில் டிசம்பர் மாதத்தின் மிகக் குளிர்ந்த பகல் அதுவே.

அறையின் வெப்பச் சேமிப்பை இழப்பு விகிதத்தால் வகுத்தால் கிடைக்கும் காலம் ஏறக்குறைய இரண்டு நாள். அதாவது மூடுபனி கவிந்த முதல் நாளில் சுவர்கள் முந்தைய வெயிலின் மிச்சத்தில் தாக்குப்பிடிக்கும். மூன்றாம் நாளில்தான் வீட்டுக்குள் உண்மையான நடுக்கம் தொடங்கும். ஆகவே அதிகபட்சம் தொடர்ந்து மூன்று நாட்களுக்கு 16 டிகிரிக்குக் கீழே இருக்கும் என்று முன்னறிவிப்பு சொன்னால், முதியவரோ கைக்குழந்தையோ படுக்கும் அறையில் இரண்டாம் நாள் மாலையே ஹீட்டரைத் தொடங்கிவிடுவது நல்லது. சுவர் 13 டிகிரிக்கு இறங்கியபின் அறையை 18க்கு ஏற்றப் பன்னிரண்டு யூனிட்டுக்கு மேல் தேவைப்படும், அதற்குள் ஓர் இரவு கழிந்துவிடும். இதனால் எப்போதும் எரியவிட்டால் மின்சாரம் மிச்சமாகும் என்று சிலர் சொல்வது உண்மையாகிவிடாது. இழப்பு வேறுபாட்டைப் பொறுத்தது என்பதால், சூடாக வைத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கூடுதல் செலவு உண்டு. முன்கூட்டியே தொடங்குவதன் பயன் உடல்நலம் சார்ந்தது, சிக்கனம் சார்ந்ததன்று. 18 டிகிரி என்ற அளவும் அதே நோக்கில் வந்ததே: குளிர்ப் பருவம் உள்ள நாடுகளில் வீட்டுக்குள் இருக்க வேண்டிய பாதுகாப்பான குறைந்தபட்சமாக உலக சுகாதார நிறுவனம் 2018இல் அதைப் பரிந்துரைத்தது.

எல்லா வீடும் ஒன்றன்று. வடக்குப் பார்த்த அறைக்குக் குளிர்காலம் முழுவதும் நேரடி வெயில் கிடையாது. அதற்கு எல்லா நாளும் மூடுபனி நாளே. மேல்மாடியின் நிலை இன்னும் மோசம். காங்கிரீட் கூரை வழியே மட்டும் ஒரு டிகிரிக்கு 30 வாட் கூடுதலாகக் கசியும். தெளிவான இரவில் கூரை வானத்தை நோக்கி வெப்பத்தைக் கதிர்வீசி, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பது பழமொழி; தில்லியின் மொட்டைமாடி பர்சாத்தி அறைகளில் மார்கழியிலேயே மச்சு துளைபட்டுவிடுகிறது. நடுமாடிக்காரர் ஜனவரி முதல் வாரம் வரை தள்ளிப்போடக்கூடிய ஹீட்டரை, மேல்மாடி வடக்கு அறைக்காரர் டிசம்பர் நடுவிலேயே இறக்க வேண்டியிருப்பது இதனால்தான். இருவரும் ஒரே தேதியில் தொடங்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

உடலுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகம் 2014இல் வெளியிட்ட இந்தியத் தகவமைப்பு வசதி மாதிரி, ஏசி இல்லாத கட்டடங்களில் மனிதர் இதமாக உணரும் வெப்பநிலை, கடந்த முப்பது நாட்களின் வெளிச்சராசரியோடு சேர்ந்து நகர்கிறது என்று காட்டுகிறது: அந்தச் சராசரியை 0.54ஆல் பெருக்கி 12.83ஐக் கூட்ட வேண்டும். அலுவலகங்களை ஆராய்ந்து உருவாக்கப்பட்ட சூத்திரம் என்றாலும், போக்கை அறிய வீட்டுக்கும் உதவும். முப்பது நாள் சராசரி 23 ஆக இருக்கும் நவம்பர் நடுவில் இதமான வெப்பநிலை 25, சராசரி 13.5க்கு இறங்கிவிட்ட ஜனவரி இறுதியில் அது 20. கும்பகோணத்திலிருந்து நவம்பரில் வந்திறங்கும் தாயார் ஹீட்டர் கேட்பதும், பல ஆண்டுகளாக ஜனக்புரியில் இருக்கும் மகன் மின்விசிறியை ஒன்றில் வைத்துத் தூங்குவதும் பிடிவாதத்தால் நிகழ்பவை அல்ல. வந்த சில வாரங்களுக்கு உடைதான் அவருக்கு உதவ வேண்டும். நவம்பரில் சுவர்கள் இன்னும் 20 டிகிரிக்கு மேல்தான் இருக்கின்றன.

நம் சமையலறையிலேயே இரண்டு வெப்பமானிகள் இருக்கின்றன. தேங்காயெண்ணெய் 24 டிகிரியை ஒட்டி உறையத் தொடங்கும். பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தும் எண்ணெய் இறங்கவில்லை என்பதற்காக ஹீட்டரைத் தேட வேண்டியதில்லை. இட்லி மாவு அதைவிடப் பொறுப்பான சாட்சி. ஒரு ராத்திரி முழுதும் மேடையில் இருந்தும் மாவு எழும்பாமல், வைத்த கோடு வைத்தபடியே காலையில் நின்றால், சமையலறையின் இரவுச் சராசரி 20க்கு வெகு கீழே போய்விட்டது என்று பொருள். (நல்லெண்ணெய் உறையும்வரை காத்திருப்பவர்கள் தில்லியில் ஹீட்டரே வாங்க வேண்டாம், அது பூஜ்யத்துக்கும் கீழே சென்றால்தான் உறையும்.)

எந்த ஹீட்டர் என்ற கேள்வியும் சுவரை ஒட்டியதே. தகதகவென்று சிவக்கும் ராட் ஹீட்டர் கதிர்வீச்சால் நேராக உடலைச் சூடாக்குகிறது. சுவர் குளிர்ந்திருந்தாலும் அரை மணி நேரம் முன்னால் அமர்ந்து படிக்க அதுவே சிக்கனம். ப்ளோயர் காற்றைச் சூடாக்கும், அணைத்ததும் ஏமாற்றும். ஆயில் ஹீட்டர் மெதுவாகச் சூடேறி, இரவெல்லாம் ஒரே சீராக வெப்பம் தருவதால் படுக்கையறைக்கு ஏற்றது. ஆனால் இவை மூன்றும் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பமே தருகின்றன. ஆயில் ஹீட்டர் குறைந்த மின்சாரத்தில் அதிகச் சூடு தரும் என்று கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. குளிரும் சூடும் தரும் ஏசி மட்டுமே விதிவிலக்கு. அது வெப்பத்தை உண்டாக்காமல் வெளிக்காற்றிலிருந்து எடுத்து உள்ளே இறைப்பதால், வெளியே 7 டிகிரி இருக்கும்போதும் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கும். வெளிப்பெட்டியின் குழாய்களில் ஈரமான மூடுபனி உறைந்து படியும் இரவுகளில் அதை உருக்குவதற்காக அது அவ்வப்போது சில நிமிடம் நின்று போகும். பழுது என்று நினைத்து மெக்கானிக்கை அழைக்க வேண்டாம். மாதம் 200 யூனிட் வரை கட்டணமில்லை என்று 2019 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது முதல் பல தில்லி வீடுகளில் அந்த எண்ணே குளிர்காலத் திட்டத்தைத் தீர்மானிக்கிறது. இரவுக்கு எட்டு யூனிட் இழுக்கும் ஆயில் ஹீட்டர் ஒரு மாதத்தில் தனியாகவே அந்த வரம்பைத் தாண்டிவிடும்.

இரண்டாயிரம் வாட் ஹீட்டர் ஒன்பது ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக இழுக்கிறது. அதை ஆறு ஆம்பியர் பிளக்கிலோ மெல்லிய எக்ஸ்டென்ஷன் கம்பியிலோ மாட்டினால் கம்பி தொட முடியாதபடி சூடாகும். 16 ஆம்பியர் பிளக் உள்ள இடமே அதற்கு உரியது. கரி அங்கீட்டியை (கணப்புச் சட்டியை) எந்தக் காரணத்துக்காகவும் மூடிய அறைக்குள் கொண்டுவரக் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். மணமில்லாததால் தூங்குபவருக்கு எச்சரிக்கையே கிடைக்காது.

ஹீட்டர் காற்றை உலர்த்துகிறது என்ற புகாரிலும் பாதிதான் உண்மை. 8 டிகிரியில் நிறைவுற்ற காற்றின் ஒரு கன மீட்டரில் 8 கிராம் நீராவி இருக்கும். 20 டிகிரியில் 17 கிராம் வரை தாங்கும். அதே நீராவியோடு காற்று சூடாகும்போது ஈரப்பதம் 100 விழுக்காட்டிலிருந்து 50க்குக் குறைந்துவிடுகிறது. ஹீட்டர் நீரை எங்கும் கொண்டுபோகவில்லை. தொண்டை வறண்டால் வெப்பத்தை இரண்டு டிகிரி குறைத்தாலே பெரும்பாலும் சரியாகும். மூலையில் வைக்கும் தண்ணீர்க் கிண்ணத்திலிருந்து ஆவியாகும் அளவு மிகச் சொற்பம்.

பிப்ரவரி நடுவில் கணக்கு தலைகீழாகிறது. பகல் அதிகபட்சம் 24ஐத் தொடும்போது, குளிரைச் சேமித்து வைத்திருக்கும் சுவர்களால் வீட்டுக்குள் இன்னும் 18 அல்லது 19 டிகிரிதான் இருக்கும். அந்த வாரங்களில் உள்ளே அமர்ந்து ஹீட்டரைப் போடுவதைவிட, காலை பதினொன்றரை முதல் நான்கு மணி வரை ஜன்னல்களைத் திறந்து வைத்து வெளிவெப்பத்தை உள்ளே விடுவதே சரியான வழி. இரவுக்கு ரஜாய் போதும்.