கொடிகளுக்கு நடுவே இறங்குவதற்கு முன்

தெற்கு ஆஸ்திரேலியாவின் பரோசாவில் மார்ச் மாதம் அறுவடைக் காலம். ஒரு சனிக்கிழமை மதியம், நான் வேலை பார்க்கும் திராட்சைத் தோட்டத்து ஓரம் ஒரு கார் வந்து நின்றது. நம் ஊர்க் குடும்பம். கணவன், மனைவி, ஒரு பையன், நாமக்கல்லிலிருந்து பேரனைப் பார்க்க வந்திருந்த பாட்டி. கொத்துக் கொத்தாகக் கறுத்துத் தொங்கிய பழத்தைப் பார்த்ததும் பையன் கம்பிவேலிக்குள் குனிந்து நுழைந்துவிட்டான். “தம்பி, அங்கேயே நில்லு!” என்று கத்திக்கொண்டே ஓடினேன். பாம்பைக் கண்டுதான் கத்துகிறேன் என்று பாட்டி பதறிவிட்டார்.

இரண்டு நாள் முன்பு மெல்போர்ன் பக்கம் யாரா பள்ளத்தாக்கில், மழை பெய்து ஓய்ந்த ஒரு தோட்டத்துக்குள் நடந்து படம் எடுத்திருக்கிறார்கள். பையன் காலில் அதே ஷூ. கழற்றித் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கத்துப் பள்ளங்களில் மண் இறுகிப்போயிருந்தது. குச்சியால் நெம்பியதும் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கட்டி பெயர்ந்து வந்தது. அதற்குள் நூல் மாதிரி ஒரு வேர்த்துணுக்கு.

நான் பயந்தது அந்த வேர்த்துணுக்கைப் பார்த்துத்தான். ஃபிலாக்ஸரா என்று ஒரு பூச்சி உண்டு. நம் விவசாயிகளுக்குத் தெரிந்த அசுவினிக்குத் தூரத்து உறவு. மஞ்சள் நிறம், ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும். திராட்சையின் வேரில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். வேர் முடிச்சுவிட்டு, அழுகி, கொடி சில ஆண்டுகளில் பட்டுப்போகும். ஆணே வேண்டாம், பெண் பூச்சி தானாகவே முட்டையிட்டுப் பெருகும். வட அமெரிக்காவிலிருந்து 1860-களில் பிரான்சுக்குள் நுழைந்து ஐரோப்பாவின் தோட்டங்களில் பெரும்பகுதியைத் தின்று தீர்த்தது இதுதான். ஆஸ்திரேலியாவில் 1877-ல் விக்டோரியா மாநிலத்து ஜீலாங் அருகே தென்பட்டது. யாரா பள்ளத்தாக்கில் 2006-லிருந்து இருக்கிறது. தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் இன்றுவரை வரவில்லை. 1899-லேயே இதற்கென்று இங்கே தனிச்சட்டம் போட்டுவிட்டார்கள்.

வந்துவிட்டால் ஒழிக்க மருந்து கிடையாது. கொடியைப் பிடுங்கிவிட்டு, பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய கன்றை நடுவது ஒன்றே வழி. “நட்டுக்கொள்ள வேண்டியதுதானே” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது ஹென்ஷ்கே குடும்பத்தின் கதை.

கீன்டன் என்ற சிற்றூரில் 1868-ல் தொடங்கிய ஒயின் ஆலை அது. ஜெர்மானியக் குடியேறி ஒருவர் ஆரம்பித்தது. இப்போது ஐந்தாம் தலைமுறையான ஸ்டீபனும் அவர் மனைவி புரூவும், அவர்களுடைய பிள்ளைகளும் நடத்துகிறார்கள். அவர்களுடைய ‘ஹில் ஆஃப் கிரேஸ்’ தோட்டம் ஒரு பழைய லூத்தரன் தேவாலயத்துக்கு எதிரே, சாலையோரமாகவே இருக்கிறது. அதில் ‘தாத்தாக்கள்’ என்று அவர்கள் பெயர் வைத்திருக்கும் ஷிராஸ் என்ற கறுப்புத் திராட்சைக் கொடிகள் 1860 வாக்கில் நட்டவை. ஒட்டுக்கட்டாமல், சொந்த வேரில் நிற்பவை. அடிமரம் முறுக்கிப் பிளந்து, பட்டை நாராக உரிந்து, நம் ஊர்ப் பழைய புளியமரத்துக் கிளையைப் போல இருக்கும். ஆனாலும் கவாத்து செய்த கொம்பில் ஒவ்வொரு செப்டம்பரிலும் துளிர் வருகிறது.

ஸ்டீபனின் தந்தை சிரில் 1958-ல்தான் இந்தத் தோட்டத்துப் பழத்தை மட்டும் தனியாக ஒயினாக்கினார். ஸ்டீபனும் ஆலைக்குள் பெரிதாக எதையும் மாற்றிவிடவில்லை. மேல்புறம் திறந்த பழைய தொட்டிகள், ஒவ்வொரு பாத்திப் பழத்துக்கும் தனித்தனி நொதிப்பு. பழம் சரியாக அமையாத ஆண்டில் அந்தப் பெயரில் ஒயினே வெளியிடுவதில்லை, 2000-லும் அப்படித்தான். தாவரவியல் படித்த புரூவின் வேலை எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. 1980-களில் ஒவ்வொரு பழைய கொடியாகக் கவனித்து, நன்றாகக் காய்த்தவற்றைக் குறித்துவைத்து, அவற்றிலிருந்து குச்சி எடுத்து நாற்றங்கால் வைத்தார். வரிசைகளுக்கு நடுவே வைக்கோலும் மக்கு உரமும் போட்டு, அந்த மண்ணுக்கே உரிய புற்களை வளர்த்து ஈரத்தைக் காக்கிறார். தன் காலத்தில் முழுப் பலன் பார்க்க முடியாத வேலை இது. பேரப்பிள்ளைகள் பார்ப்பார்கள்.

இந்த உழைப்பெல்லாம் அந்த வேரை நம்பித்தான். புதுக்கன்று நட்டால் தோட்டம் திரும்ப வரும், நூற்று அறுபது ஆண்டுகள் திரும்ப வராது.

அதனால்தான் கையெடுத்துக் கேட்கிறேன். பார்க்க வாருங்கள், தாராளமாகப் படம் எடுங்கள், ஆனால் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று எடுங்கள். தோட்டக்காரர் உள்ளே அழைத்தால், வேறு எந்த வட்டாரத்துத் தோட்டத்துக்குப் போய்வந்தீர்கள் என்பதை மறைக்காமல் முதலில் சொல்லிவிடுங்கள். உணவில்லாமலே இந்தப் பூச்சி எட்டு நாள் வரை உயிரோடு இருக்கும். ஷூவில், பேன்ட் மடிப்பில், கார் டயரில் ஏறி வரும். கோடை மாதங்களில்தான் அதிகம் மேலே ஊர்ந்து வரும், நம் சுற்றுலாவும் அப்போதுதான். ஷூவின் மண்ணைத் தேய்த்துக் கழுவிவிட்டு, இரண்டு சதவீத குளோரின் கரைசலில் அறுபது விநாடி முழுக்க ஊறவைக்க வேண்டும். பின்பு தண்ணீரில் அலசக் கூடாது. பலர் அவசரத்தில் முக்கி எடுத்துவிடுகிறார்கள், மண் ஒட்டியிருக்கும்போதே முக்குகிறார்கள். அந்த மண்ணே பூச்சிக்குக் கவசமாகிவிடும்.

அன்று இதையெல்லாம் நான் விளக்கிக்கொண்டிருந்தபோது பையனின் அப்பாவுக்குக் கொஞ்சம் சங்கடம். “ஒரு பொடி மண்ணுக்கா இவ்வளவு?” என்றார். பதில் பாட்டியிடமிருந்து வந்தது. “ஏம்ப்பா, நம்மூர்ல கோழிப்பண்ணைக்குள்ள போறதுனா மருந்துத் தண்ணியில கால நனைக்காம விடுவாங்களா? அதே மாதிரிதான் இதுவும்.” சொல்லிவிட்டுத் தன் செருப்பையும் கழற்றி என் வாளிக்குப் பக்கத்தில் வைத்தார். பையன் அறுபது வரை சத்தமாக எண்ணினான்.