பிள்ளைக்கு ஞாபக மறதி இல்லை, பயம்

தை பிறந்து சம்பா அறுவடை தொடங்கும்போதே கும்பகோணத்தில் என் கிளினிக்குக்குப் பிளஸ் டூ பிள்ளைகளும் வரத் தொடங்கிவிடுவார்கள். பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: "படித்ததெல்லாம் மறந்துவிடுகிறது டாக்டர், ஞாபக சக்திக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள்."

போன வாரம் வந்த அம்மாவின் மஞ்சள் பை நிறைய ஸ்கேன் ரிப்போர்ட்டுகள். (அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) மகளுக்குப் பள்ளி நாட்களில் காலையில் வயிற்றுவலி, ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை. ரிப்போர்ட் எதிலும் கோளாறு இல்லை. பெண்ணின் நகங்களோ சதை தெரியக் கடிபட்டிருந்தன. வேதியியலில் ஒரு கேள்வி கேட்டேன், தடுமாறாமல் சொன்னாள். உடனே அப்பா, "அப்புறம் ஏன் பரீட்சையில் எழுதவில்லை?" என்று அதட்டினார். நான் கேட்ட அடுத்த கேள்விக்கு அவள் வாயே திறக்கவில்லை.

அந்த அதட்டல்தான் என்னை எழுத வைத்தது. "கொஞ்சம் பயம் இருந்தால்தான் சார் படிப்பு ஏறும்" என்று சொல்லாத பெற்றோரை நான் பார்ப்பது அபூர்வம். ஆசிரியர்களும் இதையே சொல்கிறார்கள். தயவுசெய்து இந்த நம்பிக்கையை விட்டுவிடுங்கள்.

பயந்தால் அட்ரீனல் சுரப்பியிலிருந்து கார்ட்டிசோல் என்ற ஹார்மோன் சுரக்கும். அது எப்படி என்பது பிளஸ் ஒன் விலங்கியல் பாடத்திலேயே இருப்பதால் அதற்குள் போகவில்லை. அது மூளையில் போய் என்ன செய்கிறது என்பதுதான் விஷயம். பாடத்தை நினைவில் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியில் கார்ட்டிசோல் வந்து ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் ஏராளம். 1968-லேயே அமெரிக்க மூளை ஆராய்ச்சியாளர் புரூஸ் மெக்யூவன் எலிகளிடம் இதைக் காட்டிவிட்டார். 2000-ஆம் ஆண்டில் டொமினிக் டி குவெர்வன் என்ற ஆராய்ச்சியாளரின் குழுவினர் ஆரோக்கியமானவர்களுக்குச் சில சொற்களைப் படிக்கக் கொடுத்து, மறுநாள் கேட்டார்கள். கேட்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு, உடலுக்குள் கார்ட்டிசோலாக மாறும் கார்ட்டிசோன் மாத்திரையை விழுங்கியவர்களால் குறைவான சொற்களையே நினைவுகூர முடிந்தது. அதே மாத்திரையைப் படிப்பதற்கு முன்பு விழுங்கியவர்களுக்கு அந்தக் குறை இல்லை. படித்தது அழியவில்லை, தேவையான நேரத்தில் எடுக்கத்தான் முடியவில்லை. பரீட்சை ஹாலில் "எல்லாம் வெள்ளையாகிவிட்டது" என்று அழும் பிள்ளைக்கும் இதுதான் நடக்கிறது. அது பொய் சொல்லவில்லை, சோம்பேறியும் இல்லை.

பயத்தில் நினைவு நன்றாகப் பதியும் என்பது உண்மைதானே என்பீர்கள். பதியும்தான். ஆனால் பதிவது பயம் தந்த சம்பவம். வாத்தியாரின் பிரம்பு முப்பது வருடம் கழித்தும் நினைவிருக்கிறதே, அன்று அவர் நடத்திய பாடம் நினைவிருக்கிறதா? லேசான பரபரப்பு கவனத்தைக் கூட்டும், மறுக்கவில்லை. அந்த அளவு பரபரப்பைப் பொதுத்தேர்வு தானாகவே தந்துவிடும். அதற்கு மேல் வீட்டிலிருந்து எதையும் சேர்க்க வேண்டாம். "உன்னை நம்பித்தான் சொசைட்டியில் நகையை வைத்திருக்கிறோம்" என்ற பேச்சைச் சாப்பாட்டு நேரத்தில் எடுக்காதீர்கள். கடன் உண்மைதான், உங்கள் வேதனையும் எனக்குப் புரிகிறது. ஆனால் மேட்டூரில் தண்ணீர் திறக்காததற்கும் சம்பா மழையில் சாய்ந்ததற்கும் பதினேழு வயதுப் பிள்ளை என்ன செய்யும்?

கூத்தனூர் சரஸ்வதி கோயிலில் பேனாவை வைத்துக் கும்பிட்டு வாருங்கள், பிள்ளைக்குத் தெம்பு வரும். வல்லாரைக் கீரையும் சமைத்துக் கொடுங்கள், நல்ல கீரைதான். ஆனால் தூக்கத்தைப் பிடுங்கிக்கொண்டு இதையெல்லாம் செய்து பயனில்லை. படித்தது மூளையில் உறுதிப்படுவது தூக்கத்தில். நள்ளிரவு வரை விழித்த பிள்ளையை நாலு மணிக்குத் தட்டி எழுப்புவதை இன்றோடு நிறுத்துங்கள்.

மருந்துக் கடையில் "படபடப்பு மாத்திரை" கேட்டு வாங்குகிறவர்களுக்குக் கண்டிப்பாகவே சொல்கிறேன். புரோப்ரனலால் என்ற மாத்திரை ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு மூச்சுக்குழாயை இறுக்கிவிடும். அல்பிரசோலம் நினைவாற்றலையே மங்க வைக்கும். பக்கத்து வீட்டுப் பையனுக்கு எழுதிய சீட்டு உங்கள் பையனுக்கு ஆகாது.

பிள்ளைகளுக்கு ஒன்று. வினாத்தாளைப் படிக்க முதலில் பத்து நிமிடம் தருகிறார்கள் அல்லவா, அப்போது மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கிச் சில தடவை செய்யுங்கள். பிறகு நன்றாகத் தெரிந்த கேள்வியில் தொடங்குங்கள். வீட்டிலும் புத்தகத்தை மூடிவைத்து, நேரம் குறித்து எழுதிப் பாருங்கள். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட அது பலன் தரும்.

சாப்பாடு குறைந்தாலோ, யாரிடமும் பேசாமல் ஒதுங்கினாலோ, "நான் இல்லாமல் இருந்தால் நல்லது" என்று ஒரு முறை சொன்னாலோ, ரிசல்ட் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்றே அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். இரவானால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மனஸ் எண் 14416-ஐ அழையுங்கள். எந்த நேரத்திலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.