கரும்புச் சாற்றில் சுண்ணாம்பு என்ன செய்கிறது?

மொரிசியஸில் ஜூன் முதல் டிசம்பர் வரை நடக்கும் கரும்பு அரைவைப் பருவத்தில், ஆலைக்குள் வரும் சாறு முழுவதும் ஓர் அமில-கார வினையைக் கடந்துதான் சர்க்கரையாகிறது. நம் முன்னோர் இத்தீவில் ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்பு வெட்டிய நாள்களிலும் சாற்றில் சேர்க்கப்பட்டது சுண்ணாம்புதான். அந்நாளில் கடற்கரைச் சூளைகளில் பவளத்தைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுக்கும் வழக்கமும் இங்கே இருந்தது.

பிழிந்த சாறு நாவுக்கு இனித்தாலும் வேதியியல் நோக்கில் அமிலத்தன்மை உடையது. அமிலத்தன்மையைக் காட்டும் எண்ணாகிய பிஎச் தூய நீருக்கு 7; சாற்றுக்கு அது பெரும்பாலும் 5-க்கும் 5.5-க்கும் இடையில் இருக்கும். டென்மார்க்கைச் சேர்ந்த சோரன்சன் 1909-இல் வகுத்த இந்த அளவுகோலில் ஓர் எண் குறைந்தால் ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு பத்து மடங்கு கூடுகிறது. எனவே பிஎச் 5 உள்ள சாற்றில் அவை தூய நீரில் இருப்பதைப் போல் நூறு மடங்கு உள்ளன. சாறு சூடேறும்போது அந்த அயனிகள் சுக்ரோஸை, அதாவது நாம் உண்ணும் சர்க்கரையை, குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் உடையத் தூண்டுகின்றன. இவ்வினையில் அவை செலவாவதில்லை என்பதால் சிறிதளவு அமிலமே நிறையச் சர்க்கரையைக் கெடுத்துவிடும்; உடைந்தது படிகமாகாமல், சர்க்கரை எடுத்தபின் எஞ்சும் பாகாகிய மொலாசஸோடு போய்விடும்.

இதைத் தடுக்கவே சுண்ணாம்புப் பால், அதாவது நீரில் கலக்கிய கால்சியம் ஹைட்ராக்சைடு, சேர்க்கப்படுகிறது. அது தரும் ஹைட்ராக்சைடு அயனி ஒவ்வொன்றும் ஒரு ஹைட்ரஜன் அயனியோடு இணைந்து நீராகிறது. இந்த இணைப்பில் வெப்பமும் வெளிப்படும்: ஒரு மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் அதே செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடையும் சம அளவில் கலந்தால் வெப்பநிலை ஏறத்தாழ 7 டிகிரி செல்சியஸ் உயரும். நீர்த்த கரும்புச் சாற்றில் இவ்வெப்பம் ஒரு பொருட்டல்ல. அங்கே சூடேற்றுவது நீராவிதான்.

அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் நீரும் என்று பாடநூல்கள் சொல்லிக்கொடுக்கின்றன. ஆனால் அந்த உப்பு பிறகு என்ன ஆகிறது என்பதைப் பெரும்பாலும் கேட்காமலே விட்டுவிடுகின்றன. சர்க்கரை ஆலையைப் பொறுத்தவரை பாதிக்கு மேற்பட்ட வேலை அதனுடையது என்றே சொல்வேன். சாற்றில் இயல்பாக உள்ள பாஸ்பேட், சுண்ணாம்பின் கால்சியத்தோடு சேர்ந்து நீரில் கரையாத கால்சியம் பாஸ்பேட்டாகிறது. பஞ்சு போன்ற இந்த வீழ்படிவு மண்துகள், நார்த்தூள், மெழுகு, வெப்பத்தால் திரைந்த புரதம் ஆகியவற்றைப் பற்றிக்கொண்டு தொட்டியின் அடியில் படிய, மேலே தெளிந்த சாறு நிற்கும். பாஸ்பேட் குறைந்த சாறு எவ்வளவு சுண்ணாம்பு இட்டாலும் நன்றாகத் தெளியாது. அப்போது ஆலையில் பாஸ்பாரிக் அமிலத்தைத் தனியே சேர்ப்பதுண்டு.

சுண்ணாம்பு மிகுந்தாலும் கேடுதான். காரத்தன்மை ஓங்கிய சூடான சாற்றில் குளுக்கோஸும் பிரக்டோஸும் சிதைந்து பழுப்பு நிறப் பொருள்களையும் புதிய அமிலங்களையும் உண்டாக்குகின்றன. ஆகவே தெளிந்த சாறு பிஎச் 7-ஐ ஒட்டி நிற்கும்படி அளந்து இடுகிறார்கள்.

எல்லா உப்புகளும் வீழ்வதுமில்லை. கரும்பின் முதன்மையான கரிம அமிலமாகிய அகோனிடிக் அமிலம் தரும் கால்சியம் உப்பின் பெரும்பகுதி தெளிந்த சாற்றோடு ஆவியாக்கிகளுக்குள் செல்கிறது. நீர் வற்றிச் செறிவு கூடும்போது அதுவும் பிற கால்சியம் உப்புகளும் குழாய்களின் உட்புறத்தில் கெட்டியான படிவாக ஒட்டிக்கொண்டு வெப்பம் கடத்தப்படுவதைத் தடுக்கின்றன. இப்படிவை எரிசோடாவால் (சோடியம் ஹைட்ராக்சைடால்) இளக்கி, தேவையானால் அமிலத்தாலும் கரைத்து நீக்கிய பிறகே குழாய்களில் மீண்டும் சாற்றை விடுகிறார்கள்.