பத்து குடமா, நாலு குடமா?

கீழ்வீட்டு அக்கா போன வாரம் மாடிப்படியில் நிறுத்திக் கேட்டார். "ஏன்பா, வாஷிங் மெஷின் வாங்கலாம்னு இருக்கோம். அமெரிக்காவுல எங்க அண்ணன் வீட்ல மேல மூடி திறக்குற மாதிரி வெச்சிருக்காங்க. கடையில போனா முன்னால கதவு வெச்சதுதான் நல்லதுங்கறான். எதை வாங்குறது?"

நாங்கள் இருப்பது பழைய வண்ணாரப்பேட்டை. கிழக்கிந்திய கம்பெனி கப்பலேற்றிய துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்ததால் வந்த பெயர் இது. துணியை ஓங்கிக் கல்லில் அடித்து அழுக்கை வெளியேற்றுவது அவர்களின் கைவேலை. அக்காவுக்கு அங்கிருந்துதான் சொல்லத் தொடங்கினேன். ஏனென்றால் முன்கதவு மெஷினும் கிட்டத்தட்ட அதையேதான் செய்கிறது. படுக்கைவாட்டில் இருக்கும் டிரம், ஈரத்துணியை மேலே தூக்கிப்போய்க் கீழே தொப்பென்று போடுகிறது. அடிப்பது துணியின் சொந்த எடை. அதற்குத் துணி நனைந்திருந்தால் போதும், மூழ்க வேண்டியதில்லை. டிரம்மின் அடியில் சுமார் 15 லிட்டர் நின்றாலே வேலை நடக்கும்.

பழைய அமெரிக்க மெஷின் வேறு வழியில் போகிறது. நிற்கும் தொட்டி, நடுவில் துடுப்பு வைத்த ஒரு தண்டு. தண்டு இப்படியும் அப்படியும் திரும்பித் துணியை அலைக்கழிக்கும். பக்கெட்டில் கைவிட்டுக் கசக்குவது போல. துணி மிதந்தால்தான் நகரும் என்பதால் தொட்டியை நிரப்பியாக வேண்டும். துவைக்க ஒரு முறை, அலச இன்னொரு முறை. மொத்தம் 150 லிட்டர் சாதாரணமாகப் போய்விடும். நம் பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர் என்றால், பத்து குடம். இன்றைய முன்கதவு மெஷின் ஒரு தடவைக்கு 50, 60 லிட்டரில் முடித்துக்கொள்கிறது. நாலு குடம்.

இந்த வித்தியாசத்தை ஒரு ஊரே சோதித்துப் பார்த்திருக்கிறது. அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் பெர்ன் என்று சுமார் 200 பேர் வாழ்ந்த சிற்றூர். 1997-இல் அந்நாட்டு எரிசக்தித் துறையும் மேடாக் என்ற வாஷிங் மெஷின் நிறுவனமும் சேர்ந்து, அங்கிருந்த சுமார் நூறு மெஷின்களுக்குப் பதிலாகப் படுக்கை டிரம் மெஷின்களைக் கொடுத்தன. அதே ஜனங்கள், அதே அழுக்கு. ஒரு தடவைக்கு சராசரியாக 157 லிட்டர் செலவானது 98 லிட்டராக இறங்கியது. தண்ணீரில் சுமார் 38 சதவீதம் மிச்சம், எரிசக்தியில் சுமார் 58 சதவீதம். அதுவரை அமெரிக்க வீடுகளில் முன்கதவு மெஷின் அபூர்வம். காசு போட்டுத் துவைக்கும் கடைகளில் மட்டும் பல காலமாகவே இருந்தது.

ஐரோப்பாவில் ஏன் அது முன்பே வேரூன்றியது? வீடுகள் சின்னவை. 60 செ.மீ. அகலத்தில் சமையலறை மேடைக்கு அடியிலேயே நுழைந்துவிட வேண்டும். மேலே மூடி திறக்க அங்கே ஏது இடம்? (பிரான்சில் மேலே திறக்கும் மெஷின்களும் உண்டு, ஆனால் உள்ளே டிரம் படுத்தேதான் இருக்கும்.) அப்புறம் மின்சாரம். அங்கே 230 வோல்ட், அதனால் 2,000 வாட் ஹீட்டரை மெஷினுக்குள்ளேயே வைக்க முடிந்தது. அமெரிக்க வீட்டு பிளக்கில் 120 வோல்ட். அந்த ஹீட்டரை அது தாங்காது. ஆகவே அங்கே வீட்டுப் பொது கீசரிலிருந்து மெஷினுக்குத் தனி வெந்நீர்க் குழாய் வருகிறது. அண்ணன் ஊருக்குத் திரும்பும்போது கப்பலில் ஏற்றி அனுப்புகிறேன் என்று சொன்னாலும் வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். நம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு அது செய்யப்பட்டதில்லை.

சரி, அமெரிக்க மெஷின் முக்கால் மணியில் முடிக்கிறது, ஐரோப்பிய மெஷின் ஏன் மூன்று மணி நேரம் எடுக்கிறது? ஹென்கெல் சோப்பு நிறுவனத்தில் இருந்த ஹெர்பர்ட் சின்னர் என்பவர் 1959-இல் இதற்கு ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். துவைப்பதற்கு நாலு சக்திகள்: சூடு, நேரம், அடி, சோப்பு. ஒன்றைக் குறைத்தால் மற்றதைக் கூட்டியாக வேண்டும். ஐரோப்பியர்கள் சூட்டையும் தண்ணீரையும் குறைத்து, அந்த இடத்தை நேரத்தால் நிரப்பினார்கள்.

எனக்கு முக்கியமாகப் படும் கணக்கு இனிமேல்தான் வருகிறது. மெஷின் தின்னும் மின்சாரத்தில் பெரும்பகுதி தண்ணீரைச் சூடாக்கத்தான் போகிறது. ஐரோப்பாவில் குழாய்த் தண்ணீர் 15 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 15 லிட்டரை 60 டிகிரிக்கு ஏற்ற முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல் ஆகும். நம் மொட்டைமாடி டேங்க்கில் தண்ணீர் சும்மாவே 30 டிகிரி. சித்திரை மாதம் மதியத்தில் கை வைக்க முடியாது. ஐரோப்பியர் காசு கொடுத்து வாங்கும் சூட்டில் மூன்றில் ஒரு பங்கை வெயில் நமக்கு இலவசமாகத் தந்துவிடுகிறது. ஆகவே அங்கே பெரிதாகப் பேசப்படும் மின்சார மிச்சம் இங்கே சிறுத்துப் போகிறது. நமக்குப் பெரிது தண்ணீர் மிச்சம்தான். 2019 கோடையில் புழல் ஏரி தரை தெரியக் கிடந்தபோது, லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடிய நமக்கு ஆறு குடம் என்றால் என்னவென்று தெரியும்.

ஆனால் முன்கதவு மெஷினுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தண்ணீர் உள்ளே வரும் வால்வு திறக்கப் பல மெஷின்களில் குறைந்தது 0.3 பார் அழுத்தம் வேண்டும். அதாவது டேங்க்கின் அடி, மெஷினுக்கு 3 மீட்டர் உயரத்திலாவது இருக்க வேண்டும். நான் மூன்றாவது மாடியில் இருக்கிறேன். டேங்க் என் தலைக்கு ஒன்றரை மீட்டர் மேலேதான். மெஷின் வந்த முதல் நாள் அரை மணி நேரம் காத்திருந்து, தண்ணீர் வரவில்லை என்று விளக்கு மின்னி நின்றுவிட்டது. கடைசியில் குழாயில் ஒரு சின்ன பிரஷர் பம்பு மாட்ட வேண்டியிருந்தது. கடையில் இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அந்தச் செலவைவிட அதுதான் எனக்கு வருத்தம்.

இன்னொன்று, நம் பக்கத்து போர் தண்ணீர். மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடியில் கடல்நீர் ஏறிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. இப்படிப்பட்ட கடினநீரைச் சூடாக்கினால் அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு பிரிந்து ஹீட்டரில் படியும். போர் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் சூடு வைக்காமல் துவைப்பதே நல்லது. சோப்பும் நுரை குறைவாக வரும் வகையாக இருக்கட்டும். நுரை மெத்தை மாதிரி தாங்கிக்கொண்டால் துணிக்கு அடி விழாது.

அக்கா வீடு தரைத்தளம். டேங்க்கிலிருந்து பத்து மீட்டர் இறக்கம், ஒரு பார் அழுத்தம் தாராளமாக வரும். முன்கதவு மெஷினே வாங்கச் சொன்னேன், குளிர்ந்த நீரில் வைத்துத் துவைக்கவும் சொன்னேன். கொருக்குப்பேட்டையில் என் அம்மா வீடு ஓட்டு வீடு. டேங்க் கிடையாது, தெருக்குழாயில் பிடித்து வைத்த தண்ணீர்தான். அங்கே செமி ஆட்டோமேட்டிக்தான் ஓடுகிறது. குடத்தால் மொண்டு ஊற்றலாம். வெள்ளைத் துணி முடிந்ததும் அதே சோப்புத் தண்ணீரில் கலர் துணி, அப்புறம் மிதியடி, கடைசியில் அந்தத் தண்ணீரிலேயே வாசலைக் கழுவி விடுகிறார் அம்மா.